குறைந்ததும் ஆவதும்



புதுச்சேரிப் பெரிய அங்காடியின் மீன்கடை வரிசையில் நாள்தோறும் காதில் விழும் ஒரு பேச்சினின்று இவ்வுரை தொடங்குகின்றது. கூடையின்முன் நிற்கும் அம்மை ஒருத்தி விலைபேசி முடிக்கின்றாள். முடித்தபின், "அட் லீசுட்டு இன்னும் ரெண்டு மீனாவது போடும்மா" என்கின்றாள். விற்பவளும் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு மீனை எடுத்துப் போடுகின்றாள். இருவரும் ஆங்கிலம் கற்றவர் அல்லர். ஆயினும் கேட்டவள் வாயில் ஆங்கிலத் தொடர் ஒன்று தடையின்றி வருகின்றது. விற்பவள் காதிலும் அது தடையின்றி நுழைகின்றது.

அப்பேச்சைச் சற்றே பிரித்து நோக்குக. 'மீனாவது' என்பதில் உள்ள 'ஆவது' என்னும் சொல்லே அவள் கருத்தை முழுவதும் சொல்லி முடித்துவிட்டது. அதற்குமேல் 'அட் லீசுட்டு' என்பதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பிறர் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்த வழிப்போக்கனைப்போல் அது சும்மா அமர்ந்திருக்கின்றது. அமர்ந்திருந்தால் இருந்துபோகட்டுமே என்று சிலர் கூறக்கூடும். அவர்கள் அவ்வம்மையின் பேரப்பிள்ளையின் பேச்சையும் கேட்டல் வேண்டும். கல்லூரியிற் பயிலும் அப்பிள்ளை, "அட் லீசுட்டு ரெண்டு மீன் போடுங்க" என்கின்றான். அவன் பேச்சில் 'ஆவது' இல்லை! முதல் தலைமுறையில் திண்ணையில் இருந்தவன் இரண்டாம் தலைமுறையில் வீட்டுக்காரனை வெளியேற்றிவிட்டான். இவ்வளவே செய்தி. ஆயினும், இச்சிறு செய்தியின் உள்ளே பெரியதொரு கேடு ஒளிந்துள்ளது.

சொற்கடன் எல்லாம் ஒரு தன்மையது அன்று. புதுவதாக வந்த ஒரு பொருளோடு அதன் பெயரும் வருவது ஒருவகை. அதற்குப் புதுச்சேரியே தக்க சான்று. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு, ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இடையிடையே பற்றிக்கொண்டிருந்த ஆண்டுகள் நீங்கலாக, 1954 நவம்பர் 1 வரை இந்நகர் பிரஞ்சியர் ஆட்சியில் இருந்தது. 1956 மே 28-இல் ஒப்படைப்பு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1962 ஆகத்து 16-இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அத்துணை நெடிய ஆட்சி புதுச்சேரித் தமிழில் விட்டுச்சென்றவை யாவை? நகர்மன்றக் கட்டடத்தை 'மேரி' என்றனர். ஊராட்சிப் பகுதியைக் 'கொம்யூன்' என்றனர். பிரஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவாரைச் 'சொல்தா' என்றனர். பிரஞ்சுப் பள்ளியை 'லிசே' என்றனர். இவையெல்லாம் பெயர்கள். ஓர் அலுவலகம், ஒரு பதவி, ஒரு பள்ளி என அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொருளைச் சுட்டுவன. இவற்றை நீக்கித் தமிழ்ப்பெயர் இடுதல் எளிது, இடுதலும் வேண்டும். ஆனால், தெருவில் வழங்கிய தமிழின் மூட்டுகளுள் பிரஞ்சு நுழையவில்லை. இந்நகரத்து மீன்கடையில் எவரும் 'ஓ முவேன் ரெண்டு மீன்' என்று கேட்டிலர்.

ஆங்கிலமோ மூட்டுக்குள் நுழைந்துவிட்டது. தொல்காப்பியர் பெயருக்கு ஓரியலும் வினைக்கு ஓரியலும் வகுத்ததோடு அமையாது, இடைச்சொல்லுக்கெனத் தனியே ஓரியல் வகுத்தார். இடைச்சொல் தானே தனித்து இயங்காது, பெயரொடும் வினையொடும் சேர்ந்தே இயங்கும் என்பதையும் அங்குக் கூறினார். தனித்து நிற்காததாகலின் அது சிறியது என்று கொள்ளற்க. உடம்பில் மூட்டும் தனித்து நிற்பதன்று. மூட்டு அழிந்தால் கை இருந்தும் மடங்காது, கால் இருந்தும் நடவாது. பெயர்ச்சொல் ஒன்று போனால் மொழியில் ஒரு சொல் குறையும். இடைச்சொல் ஒன்று போனால் மொழி எண்ணும் முறையே மாறிப்போகும். இஃது எவ்வாறு என்பதை 'அட் லீசுட்டு' என்னும் இவ்வொரு தொடரைக் கொண்டே விளக்கலாம்.

ஆங்கிலத்தில் 'லீசுட்டு' என்பது 'மிகச் சிறியது' என்னும் பொருட்டு. 'மிகச் சிறிய அளவின்கண்' என்பதே அத்தொடரின் நேர்ப்பொருள். ஆனால், ஆங்கிலேயர் அதனை நால்வேறு கருத்துகளுக்கு ஆள்கின்றனர்.

முதலாவது, அளவின் கீழெல்லையைக் குறிப்பது. அவ்வூருக்குப் பத்துக் கல் தொலைவுக்குக் குறையாது என்னும் கருத்து இத்தகையது. இரண்டாவது, மேலானது கிடையாதபோது கீழானதையேனும் வேண்டுவது. வரவில்லை என்றாலும் ஒரு மடலாவது எழுதியிருக்கலாகாதா என்னும் குறை இத்தகையது. மூன்றாவது, இழப்பின் நடுவே ஆறுதல் கொள்வது. நான்காவது, சொன்னதைச் சற்றே பின்வாங்கி வரையறுத்துக்கொள்வது. 'அவர் வரமாட்டார்' என்று சொல்லிவிட்டு, 'அவர் சொன்னபடி பார்த்தால்' என்று எல்லை கட்டுவது.

இந்நான்கிற்கும் ஆங்கிலத்தில் ஒரே தொடர். எப்பொருளில் வந்தது என்பதை இடத்தானும் குரலானும் கேட்பவரே உய்த்துணர்தல் வேண்டும். பிரஞ்சுமொழி இதனினும் சற்றுத் தெளிவுடையது. அளவின் கீழெல்லைக்குப் பெரும்பாலும் 'ஓ முவேன்' என்றும், சொன்னதை வரையறுத்துக்கொள்வதற்குத் 'தியூ முவேன்' என்றும் அம்மொழியார் வேறுபடுத்துவர். புதுச்சேரியில் பிரஞ்சு பயின்ற முதியோர் இவ்வேறுபாட்டை நன்கறிவர். தமிழோ இவ்விரு மொழியினும் நுட்பமாகப் பகுத்துள்ளது. அப்பகுப்பை ஒவ்வொன்றாகக் காண்க.

அளவின் கீழெல்லைக்குத் தமிழில் 'குறைந்தது' என்னும் சொல் உண்டு. 'கூட்டத்திற்குக் குறைந்தது நூறுபேர் வந்தனர்' என்பது தெளிந்த தமிழ். சட்டத்தின் உறுதியோடு கூறவேண்டின், 'குறையாமல்', 'குறையாத' என்னும் எதிர்மறை வடிவங்கள் உள்ளன. 'மூன்று ஆண்டுக்குக் குறையாத பயிற்சி' என்றால் அதில் ஐயத்திற்கு இடமில்லை. இதன் மறுதலையான மேலெல்லைக்கு 'மிகாமல்' என்பது உண்டு. பேச்சில் 'கூடிப்போனால்', 'மிஞ்சிப்போனால்' என்பன உண்டு. ஊர்ப்புறத்து முதியவர், "கூடிப்போனா பத்துப்பேர் இருப்பாங்க" என்பதில் எத்துணை அழகு!

வேண்டுதற் பொருளுக்கு 'ஆவது', 'ஏனும்', 'ஆயினும்', 'ஆகிலும்' என்பன உள்ளன. 'ஒரு நாளாவது', 'ஒரு முறையேனும்', 'ஒரு சொல்லாயினும்' என வரும். இவற்றின் அமைப்பை நோக்குக. 'ஆயினும்' என்பது 'ஆயின்' என்பதோடு 'உம்' சேர்ந்தது. 'ஆகிலும்' என்பது 'ஆகில்' என்பதோடு 'உம்' சேர்ந்தது. 'ஏனும்' என்பது 'எனினும்' என்பதன் திரிபு. 'ஆவது' என்பதும் 'ஆ' என்னும் வினையடியிற் பிறந்ததே. 'ஒரு முறையேனும்' என்பதற்கு, 'ஒரே முறை என்றாலும் அமையும்' என்பதே உட்பொருள். அஃதாவது, கேட்பவன் தான் மிகுதியாக விரும்பியதை விட்டுக்கொடுத்து, இறங்கிவந்து, இந்தச் சிறிதேனும் கிடைக்கட்டும் என்று நிற்கின்றான். உம்மைக்கு எட்டுப் பொருள் வகுத்த மொழியில், அவ்வும்மையே இந்த இறக்கத்தை ஏந்திநிற்பது வியப்பன்று.

ஆறுதற் பொருளிலும் 'ஆவது' வரும். ஆனால் அங்கு அதன் வினை நிகழ்ந்து முடிந்ததாக இருக்கும். 2011 திசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. அத்தகைய புயலுக்குப்பின் ஒரு குடும்பம், 'கூரை போயிற்று. உயிராவது தப்பிற்று' என்று கூறுமாயின், அச்சொல்லில் ஒரு பெருமூச்சே அடங்கியிருக்கும். 'அம்மட்டில் நன்று' என்பதும் இப்பொருட்டே.

வரையறைப் பொருளுக்குச் 'சொன்ன அளவில்', 'தெரிந்த வரையில்', 'கேட்ட மட்டில்' என்பன உள. 'அவர் சொன்ன அளவில், நாளை வரமாட்டார்' என்றால், உண்மைக்கு எவ்வளவு பொறுப்பேற்கப்படுகின்றது என்பதும் உடன் விளங்கும். செய்தி எழுதுவார் இவற்றைப் போற்றிக்கொள்ளல் வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆங்கிலத் தொடர் தனித்து மிதப்பது. தமிழ் இடைச்சொல்லோ எச்சொல்லை ஒட்டுகின்றதோ அச்சொல்லை ஊன்றிக் காட்டுவது. 'நீயாவது நாளை வா' என்றால், பிறர் வாரார் என்பது பொருள். 'நீ நாளையாவது வா' என்றால், இன்று நீ வரவில்லை என்பது பொருள். 'நீ நாளை வந்தாவது போ' என்றால், தங்காவிடினும் தலைகாட்டு என்பது பொருள். சொற்கள் ஏறத்தாழ அவையே. ஒட்டும் இடம் மாறப் பொருளும் மாறுகின்றது. 'அட் லீசுட்டு நீ நாளைக்கு வா' என்பவன் இம்மூன்றனுள் எதைக் கருதினான்? அவன் முகத்தைப் பார்த்தே அறிதல் வேண்டும். மடலில் எழுதினால் அதற்கும் வழியில்லை.

இங்குக் கற்போர் விழிப்பாக இருக்கவேண்டிய இடம் ஒன்றும் உள்ளது. 'ஆவது' எண்ணோடு சேரும்போது வரிசையையும் குறிக்கும். 'இரண்டாவது கொடு' என்றால், வரிசையில் இரண்டாம் பொருளைக் கொடு என்பதா, இரண்டேனும் கொடு என்பதா என்னும் மயக்கம் பிறக்கும். வரிசைக்கு 'இரண்டாம்' என்றும், கீழளவுக்கு 'இரண்டேனும்' என்றும் எழுதினால் மயக்கம் தீரும். 'அவனாவது வருவதாவது' என்று இகழ்ச்சியிலும் இச்சொல் வரும். ஒரு சிறு சொல்லுக்கு இத்துணை ஆட்சி!

இனி, 'அட் லீசுட்டு' என்பதை விலக்கியவர் பலர் அதனினும் மேலானதைக் கைக்கொண்டனரா எனில், இல்லை. 'குறைந்தபட்சம்' என்று எழுதுகின்றனர். இதில் 'குறைந்த' என்பது தமிழ். 'பட்சம்' என்பது 'பட்ச' என்னும் வடசொல்லின் வழிவந்தது. பாதி தமிழும் பாதி வடமொழியுமாகிய இவ்வொட்டுச்சொல் அலுவலகத் தாள்களிலும் செய்தித்தாள்களிலும் நிலைத்துவிட்டது. இதன் இணையான 'அதிகபட்சம்' என்பதிலோ தமிழ் சிறிதும் இல்லை. கணக்கு நூல்களைப் பாருங்கள்! மீச்சிறு பொது மடங்கு என்றும், மீப்பெரு பொதுக் காரணி என்றும், பெரும மதிப்பு, சிறும மதிப்பு என்றும் தமிழ்வழி பயிலும் சிறார் இயல்பாகக் கற்கின்றனர். பன்னிரண்டு அகவைச் சிறுவனுக்கு விளங்கும் 'மீச்சிறு' அலுவலருக்கு விளங்காதா? பெயராக வேண்டும் இடத்தில் 'சிறுமம்', 'சிறும அளவு' என்க; வினையடையாக வேண்டும் இடத்தில் 'குறைந்தது' என்க. 'பட்சம்' வேண்டா.

அதனினும் பெரிய பிழை வேறொன்று. 'குறைந்தபட்சம் ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம்' என்று எழுதுகின்றனர். மீன்கடை அம்மையின் அதே இரட்டிப்பு! ஆங்கிலச் சொல் போயிற்று. ஆங்கில அமைப்புப் போகவில்லை. 'ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாம்' என்பதே போதும். தனித்தமிழ் என்பது அயற்சொல்லைப் பெயர்த்தெடுத்து அவ்விடத்தில் தமிழ்ச்சொல்லைப் பதிப்பதன்று; தமிழ் தன் இயல்பில் எவ்வாறு கூறுமோ அவ்வாறு கூறுவது. நால்வேறு கருத்துக்கு ஒரே சொல்லைத் தேடுவதே ஆங்கிலத்திற்கு அடிமைப்பட்ட தேட்டம்.

இத்துணை நுட்பம் வாழ்க்கைக்கு எற்றுக்கு என்று வினவுவார் உளர். அவர்க்கு விடை கூலிக்களத்தில் உள்ளது.

'நாட்கூலி குறைந்தது ஐந்நூறு உருபா' என்பது ஒரு சொற்றொடர். 'ஐந்நூறு உருபாவாவது கொடுங்கள்' என்பது மற்றொரு சொற்றொடர். தொகை ஒன்றே, ஆனால் நிலை ஒன்றன்று. முன்னது எல்லைக்கல், அதற்குக் கீழே எவரும் இறங்கலாகாது என்பது. பின்னது விரித்த கை; மேலானதை விட்டுவிட்டேன், இதையேனும் தாருங்கள் என்பது. முன்னது உரிமை, பின்னது வேண்டுகோள். இவ்விரண்டையும் ஆங்கிலம் 'அட் லீசுட்டு' என்னும் ஒரே போர்வையால் மூடுகின்றது. தமிழ் இரண்டையும் இரு சொல்லாற் பிரித்து, எதைப் பேசுகின்றாய் என்று பேசுவானையே கேட்கின்றது. இந்திய ஒன்றியம் 1948-இல் இயற்றிய கூலிச்சட்டம் தொழிலாளர்க்குத் தந்தது முன்னது. அச்சட்டம் 2019-இல் இயற்றப்பட்ட ஊதியத் தொகுப்புச் சட்டத்துள் அடக்கப்பட்டது; கீழெல்லை என்னும் கருத்து மாறவில்லை. அவ்வுரிமையை உடைய தொழிலாளி, வேலை தருவானிடம் சென்று 'ஆவது' என்று கேட்பானாயின், தனக்குச் சட்டம் தந்ததைத் தானே பிச்சையாக்கிவிடுகின்றான்.

புதுச்சேரி மண்ணுக்கு இது புதிய பாடம் அன்று. 1936 சூலை 30-இல் இந்நகரின் சவானா ஆலையில், வேலைநேரத்திற்கு எல்லையும் சங்க உரிமையும் வேண்டிப் போராடிய தொழிலாளர்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. பன்னிருவர் உயிர் நீத்தனர். வ. சுப்பையா முதலியோர் முன்னின்று நடத்திய அவ்வியக்கத்தின் பயனாக, 1937-இல் பிரஞ்சிந்தியாவில் எட்டுமணி நேர வேலை சட்டமாயிற்று. அப் பன்னிருவர் வேண்டியதைத் தமிழிலக்கணத்தில் வைத்து நோக்குக. 'எட்டு மணியோடாவது விடுங்கள்' என்பது அன்று. 'எட்டு மணிக்கு மிகாமல்' என்பதே. கெஞ்சியிருப்பின் ஆலைக்காரன் ஒருநாள் இரங்கியிருப்பான்; மறுநாள் மறந்திருப்பான். எல்லை கட்டியதால் அது சட்டமாயிற்று. 'மிகாமல்' என்னும் ஒரு சொல்லின் விலை பன்னிரண்டு உயிர்!

அவையீர்! இதே அளவுகோலைத் தமிழ்மேலும் வைத்துப் பார்க்கலாம். 1965-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழைப் புதுச்சேரியின் ஆட்சிமொழி ஆக்கிற்று. ஆங்கிலம் தொடர்வதற்கும் இடந்தந்தது. 2006-இல் இவ்வாட்சிப் பகுதியின் பெயரும் 'புதுச்சேரி' என்றே முறைப்படி ஆயிற்று. இவ்வளவும் நிகழ்ந்தபின்னரும், தமிழன்பர் வாயில் வருவன யாவை? 'பெயர்ப்பலகையிலாவது தமிழ் இருக்கட்டும்.' 'தொடக்கப் பள்ளியிலாவது தமிழ்வழி இருக்கட்டும்.' 'திருமண அழைப்பிலாவது தமிழ் இருக்கட்டும்.' 'ஆவது', 'ஆவது', 'ஆவது'! ஒவ்வோர் 'ஆவது'க்கும் முன்னே விட்டுக்கொடுத்த பேருரிமை ஒன்று கிடக்கின்றது. பெயர்ப்பலகை என்று கேட்டபோது அலுவலகம் விடப்பட்டது. தொடக்கப் பள்ளி என்று கேட்டபோது கல்லூரி விடப்பட்டது. சட்டம் உரிமையாகத் தந்ததைத் தமிழர் வேண்டுகோளாக்கிக் கேட்கின்றனர்.

'ஆவது' இழிந்த சொல் அன்று. தாய் தன் மகனிடம் 'ஒரு வாயாவது உண்' என்று கூறும்போது, உலகிலுள்ள சொற்களுள் அதனினும் இனியது இல்லை. அன்பு இறங்கிவருவது, ஆகலின் அன்புக்கு 'ஆவது' தகும். உரிமை இறங்கிவரலாகாது, ஆகலின் உரிமைக்குக் 'குறைந்தது' என்பதும் 'குறையாமல்' என்பதுமே தகும். இவ்விரண்டையும் பிரித்தறியும் கருவியைத் தமிழ் தன் மக்கள் கையில் வைத்திருக்கின்றது. அக்கருவியைக் கீழே போட்டுவிட்டு, 'அட் லீசுட்டு' என்னும் ஒன்றையே எங்கும் பேசுவார்க்குக் காலப்போக்கில் தாம் கெஞ்சுகின்றோமா வரையறுக்கின்றோமா என்பதே தெரியாமற்போகும். மேலே கூறப்பட்ட பெருங்கேடு இதுவே.

ஆகவே, இவ்வவையிலிருந்து இல்லம் திரும்புவோர் மேற்கொள்ளத்தக்கவை மூன்று. பேச்சில் 'அட் லீசுட்டு' வாயில் வரும்போதெல்லாம் ஒரு நொடி நின்று, நான்கு கருத்துகளுள் எது வேண்டப்படுகின்றது என்று தெரிந்து, அதற்குரிய தமிழைச் சொல்லுக. எழுத்தில் 'குறைந்தபட்சம்' என்று வருமிடத்தைக் 'குறைந்தது' என்று திருத்துக. பின்னே 'ஆவது' இருப்பின் இரண்டனுள் ஒன்றை நீக்குக. வகுப்பறையில் ஆசிரியர் இவ்விடைச்சொற்களை மனப்பாடப் பட்டியலாக அன்றி, 'நீயாவது நாளை வா', 'நீ நாளையாவது வா' என்பனபோல் வாழும் சொற்றொடராகக் கற்பிக்க. இதற்குப் பொருட்செலவு இல்லை, அரசாணை வேண்டுவதில்லை.

அங்காடிக்குச் செல்லும் அம்மை நாளையும் இரண்டு மீன் கூடுதலாகக் கேட்பாள். கேட்கட்டும்; அது அவளுக்கும் மீன்காரிக்கும் உள்ள உறவு. 'இன்னும் ரெண்டு மீனாவது போடும்மா' என்று கேட்டாலும் அதே இரண்டு மீன் விழும். அருகில் நிற்கும் பேரப்பிள்ளையின் காதில் அந்த 'ஆவது' விழவேண்டும் என்பதே இங்கு வேண்டப்படுவது. அவன் வளர்ந்து தன் கூலியைக் கேட்கும் நாளில் 'குறைந்தது இவ்வளவு' என்று நிமிர்ந்து கேட்பதற்கு, எங்கே 'ஆவது' தகும், எங்கே தகாது என்பதை அவன் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உரிமை!